கன்னத்து மச்சமும் கழுத்து மருவும்

பத்தாம் வகுப்புக்கு வகுப்பாசிரியராக இருந்த யாரும் அந்த வாரத்தை மறக்க மாட்டார்கள். பொதுத் தேர்வுக்கான பெயர்ப் பட்டியல் மேலே போவதற்கு முன்னால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அங்க மச்ச அடையாளம் இரண்டு எழுதியாக வேண்டும். பிள்ளைகள் வரிசையில் வந்து நிற்பார்கள். ஒருவன் சட்டைக் கையை மடிப்பான், ஒருத்தி வளையலை மேலே தள்ளுவாள். "டீச்சர், இங்க ஒண்ணு இருக்கு பாருங்க." மச்சம் இருக்கிற பிள்ளை உடனே இடத்துக்குப் போய்விடும். இல்லாத பிள்ளையை ஜன்னலோர வெளிச்சத்துக்குக் கூட்டிப்போய்த் தேடுவேன். பக்கத்துப் பிள்ளைகளும் சேர்ந்து தேடுவார்கள். ஒன்றும் கிடைக்காவிட்டால் சைக்கிளிலிருந்து விழுந்த தழும்பு கைகொடுக்கும். 'வலது முன்கையில் ஒரு மச்சம், இடது முழங்காலில் ஒரு தழும்பு.' அந்த இரண்டு வரிகள் மாற்றுச் சான்றிதழில் ஏறி, அந்தப் பிள்ளை எங்கே போனாலும் கூடவே போகும்.

பிள்ளைகளின் தோலை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்தது அந்த மேசையில்தான். பெண் பிள்ளைகளில் சிலர் முகத்தில் இருக்கிற மச்சத்தைச் சொல்லவே மாட்டார்கள். ஒருத்திக்கு மேலுதட்டுக்கு மேல் நன்றாகப் புடைத்த மச்சம். எழுதப் போனேன். "அதை மட்டும் எழுதாதீங்க டீச்சர்" என்று என் பேனாக் கையைப் பிடித்துக்கொண்டாள். மணிக்கட்டின் உள்பக்கம் தேடி ஒரு சின்னப் புள்ளியைக் கண்டுபிடித்து அதை எழுதினேன். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அரசாங்கம் அடையாளமாகக் கேட்டதை அவளுடைய வீடு குறையென்று சொல்லிச் சொல்லி வளர்த்திருந்தது.

இன்றைக்கு ஆளை அடையாளம் காணப் பத்து விரல் ரேகையும் இரண்டு கருவிழியும் ஆதாரில் இருக்கின்றன. மச்சத்துக்கு அந்த வேலை ஏறக்குறைய முடிந்துவிட்டது. மேலுதட்டைக் கையால் மறைத்துக்கொண்டு நின்ற அந்தப் பிள்ளையின் கூச்சம் மட்டும் எங்கேயும் போகவில்லை. அதற்கென்று இப்போது தெருவுக்குத் தெரு கடை திறந்திருக்கிறது.

நான் பிறந்து வளர்ந்தது மாயவரத்தில். 1982இல் மயிலாடுதுறை என்று பெயர் மாறுவதற்கு முந்தைய மாயவரம். எங்கள் அத்தைக்கு இடது கன்னத்தில் ஒரு மரு இருந்தது. வீட்டில் அதை யாரும் கவனித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. பெண் பார்க்க வந்த ஒரு வீட்டார் காபி குடித்து முடித்து எழுந்திருக்கும்போது, "முகத்துல அது மட்டும் இல்லேன்னா லட்சணமா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து வீடு முழுக்க அந்த மருவையே பார்த்தது.

ஆளுக்கொரு கைவைத்தியம் சொன்னார்கள். அம்மான் பச்சரிசிச் செடியைக் கிள்ளினால் வருகிற பாலை வைத்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. பிறகு வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பு எடுத்து, சலவைச் சோடாவோடு நீர்விட்டுக் குழைத்து, தீக்குச்சியின் முனையால் தொட்டு மருவின் தலையில் வைத்தார்கள். அத்தை எரிகிறது என்றாள். எரிந்தால்தான் வேலை செய்கிறது என்று அர்த்தம், பொறுத்துக்கொள் என்றார்கள். அவள் கூடத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்து முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள். மரு கருகி விழுந்தது. விழுந்த இடத்தில் குழி விழுந்து, ஆறும்போது அது பளபளவென்று மேடு தட்டியது. மருவைவிட அந்தத் தழும்பு பெரிது. அத்தைக்குக் கல்யாணம் நடந்தது, நல்ல மாமாதான் வாய்த்தார். ஆனால் கல்யாணப் போட்டோவில் அவள் முகம் வலப்பக்கம் மட்டுமே தெரிகிறது. அதற்குப் பிறகு எடுத்த எல்லாப் போட்டோக்களிலும் அப்படியே.

பின்னாளில் வகுப்பில் காரங்கள் பாடம் எடுக்கும்போதெல்லாம் அந்தக் கூடம் என் கண்ணில் வந்து நிற்கும். சுண்ணாம்பு என்பது கால்சியம் ஹைட்ராக்சைடு. சலவைச் சோடா, சோடியம் கார்பனேட். இரண்டும் ஈரத்தில் சேர்ந்தால் சோடியம் ஹைட்ராக்சைடு உண்டாகும். எரிசோடா என்கிறோமே, அது. சோப்பு ஆலையில் கையுறை போட்டுக்கொண்டு எடுக்கிற பொருள். அது மருவோடு நிற்காது, சதையைக் கரைத்துக்கொண்டே கீழே போகும். அம்மான் பச்சரிசிப் பாலும் விளையாட்டு இல்லை. அந்தச் செடியின் இனத்துப் பால் கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகும். இமை மருவுக்கு அதை வைக்கச் சொல்கிறவர்களை இன்றும் கேட்கிறேன், கேட்கும்போதெல்லாம் பதறுகிறது. ஒரு கெடுதலும் செய்யாமல் கன்னத்தில் உட்கார்ந்திருந்த ஒன்றை எடுக்கப் போய் அத்தையின் முகத்தில் நாங்கள்தான் கெடுதல் செய்தோம். யாரும் கொடுமைக்காரர்கள் இல்லை. எல்லாருமே அவள்மேல் உயிராக இருந்தவர்கள்.

அப்பாயியின் கதை வேறு. அப்பாயிக்குக் கழுத்தைச் சுற்றியும் அக்குளிலும் சின்னச் சின்னதாகப் பாலுண்ணிகள் தொங்கும். கழுத்துச் சங்கிலி அதில் மாட்டி இழுக்கும், சில நேரம் ரத்தம் வரும். அதற்கு எங்கள் ஊரில் குதிரைமுடி வைத்தியம். ஜங்ஷன் வாசலில் ஜட்கா வண்டிகள் நிற்கும். வண்டிக்காரரிடம் கேட்டால் குதிரையின் வாலிலிருந்து ஒரு முடி பிடுங்கித் தருவார். அதைப் பாலுண்ணியின் காம்பில் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட வேண்டும். முடி மெல்லியது, ஆனால் அறாது. ரத்தம் போவது நின்று, பாலுண்ணி கறுத்து வாடி, குளிக்கும்போது தானாக விழுந்துவிடும். அப்பாயியின் கழுத்தில் அந்த முடிச்சுகளைப் போட்டவள் நான். என் விரல் சின்னதாக இருந்ததால் காம்பின் அடியில் முடிச்சு சரியாக விழும்.

அந்த வைத்தியம் உண்மையிலேயே வேலை செய்தது. ரத்த ஓட்டத்தை நிறுத்தினால் திசு சாகும். அதே காரியத்தை இன்று சின்ன ரப்பர் வளையமும் பிளாஸ்டிக் குழாயுமாகச் செய்து இணையத்தில் விற்கிறார்கள். குதிரைமுடியில் இருந்த ஆபத்து இதிலும் இருக்கிறது: சீழ் வைக்கலாம், காம்பில்லாத மச்சத்தில் மாட்டினால் புண்தான் மிஞ்சும்.

ஆனால் அப்பாயியின் கழுத்தில் நாங்கள் பார்க்காமல் விட்டது பாலுண்ணியை அல்ல, கழுத்தை. கழுத்தின் பின்பக்கம் கறுத்து, வரிவரியாகத் தடித்திருந்தது. அழுக்கு என்றுதான் எல்லாரும் நினைத்தோம். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் அம்மா பீர்க்கங்கூட்டை வைத்துத் தேய்த்துத் தேய்த்து அப்பாயி வலியில் கத்துவாள். அது அழுக்கு இல்லை, எத்தனை தேய்த்தாலும் போகாது. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது கணையம் இன்னும் இன்னும் இன்சுலினைச் சுரக்கிறது. அளவுக்கு மீறிய இன்சுலின், தோலணுக்களை வளரத் தூண்டுகிற ஏற்பிகளையும் தட்டி எழுப்புகிறது. கழுத்து கறுத்துத் தடிப்பதும் பாலுண்ணி முளைப்பதும் அதனால் நடக்கலாம். அப்பாயிக்குச் சர்க்கரை இருப்பது காலில் புண் வந்து ஆறாமல் போனபோதுதான் தெரிந்தது. ஒரு விரலை எடுத்தார்கள். அவள் கழுத்து அதை வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. முடிச்சுப் போட நான் அத்தனை கிட்டத்தில் குனிந்து பார்த்த கழுத்து அது.

வைத்தீஸ்வரன் கோயிலைச் சொல்லாமல் எங்கள் ஊர்க்காரர்கள் மருவைப் பற்றிப் பேச முடியாது. தோலில் எது வந்தாலும் அங்கே நேர்ந்துகொள்வார்கள். உப்பும் மிளகும் வாங்கிக் காணிக்கை செலுத்துவார்கள். சித்தாமிர்த தீர்த்தத்தில் வெல்லத்தைக் கரைப்பார்கள். வெல்லம் கரைகிற மாதிரி மரு கரைய வேண்டும் என்பது வேண்டுதல். என் கைவிரல்களில் வந்த மருக்களுக்காக அம்மா என்னையும் கூட்டிப்போயிருக்கிறாள். வெல்லக் கட்டியைத் தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டு, விரலிடுக்கில் அது கரைந்து வழுக்கிப் போவதைப் பார்த்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருப்பேன். மருக்கள் போய்விட்டன. பிள்ளைகளின் கைவிரலில் வருகிற மரு ஒரு வைரஸால் வருவது. உடம்பின் எதிர்ப்பு சக்தி அதைக் கண்டுகொண்டால் தானாக மறைந்துவிடும். மூன்றில் இரண்டு பங்கு மருக்கள் இரண்டு வருஷத்துக்குள் வைத்தியம் இல்லாமலே போய்விடும் என்று தோல் மருத்துவப் பாடம் சொல்கிறது. அதைத் தெரிந்துகொண்ட பிறகும் அந்தக் குளத்தின்மேல் எனக்கு மதிப்புக் குறையவில்லை. வேண்டிக்கொண்ட பிள்ளையின் விரலை யாரும் சுண்ணாம்பு வைத்துப் பொசுக்கவில்லை. காத்திருக்கச் சொன்னது கோயில்தான். அந்த நோய்க்குக் காத்திருப்பதே சரியான வைத்தியம்.

மச்சத்துக்கு அன்று மரியாதையும் இருந்தது. பேருந்து நிலையத்தில் பஞ்சாங்கத்தோடு மச்ச சாஸ்திரம் புத்தகமும் தொங்கும். அதிர்ஷ்டம் அடித்தவனை மச்சக்காரன் என்பார்கள். சினிமாவில் கதாநாயகன் கன்னத்தில் ஒரு மருவை ஒட்டிக்கொண்டால் எதிரிக்கு அவன் அடையாளம் தெரியாமல் போய்விடும். ஒரே புள்ளி ஆணின் முகத்தில் யோகம், பெண்ணின் முகத்தில் தட்டிப்போன வரன். இந்த அநியாயம் எனக்குச் சின்ன வயதிலேயே உறைத்தது, அத்தையைப் பார்த்து வளர்ந்ததால்.

இப்போது என் தங்கை மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. சென்னையில் ஐ.டி. வேலை. நாள் முழுக்கத் திரையில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசுகிற வேலை. "பெரியம்மா, ஜூம் பண்ணிப் பாருங்க" என்று போனை நீட்டினாள். கழுத்தில் சின்னச் சின்னப் பாலுண்ணிகள். கன்னத்தில் பிறந்ததிலிருந்து இருக்கிற, கொஞ்சம் புடைத்த மச்சம். அவள் கழுத்தை நான் எத்தனையோ தரம் கட்டிப் பிடித்திருக்கிறேன், அந்தப் பாலுண்ணிகள் என் கண்ணில் பட்டதில்லை. கேமரா அவ்வளவு பெரிதாகக் காட்டுகிறது. மாப்பிள்ளை வீட்டார் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. யாரும் சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல், தானாகவே அவளுக்குத் தோன்றியிருக்கிறது.

எடுப்பது தப்பென்று நான் நினைக்கவில்லை. தாலிச் சரடு ஏறப்போகிற கழுத்து. மாட்டி இழுக்கும், வியர்வையில் எரியும். பிடிக்காததை எடுத்துக்கொள்ள அவளுக்கு உரிமை இருக்கிறது. நானே கூடப் போனேன்.

முதலில் போன இடம் பளபளவென்று இருந்தது. கவுன்சிலர் என்று ஒரு பெண் வந்து டேப்லெட்டில் கல்யாணப் பெண்களுக்கான பேக்கேஜைக் காட்டினாள். ஃபேஷியல், பீல், லேசர், அதற்குள் ஒரு வரியாக 'ஸ்கின் டேக், மோல் ரிமூவல்'. பேனாவை வைத்துக்கொண்டு கழுத்தில் எண்ணினாள். "மொத்தமா எடுத்துக்கிட்டீங்கன்னா ரேட் குறையும் மேடம். கன்னத்துல இருக்கறதையும் சேர்த்து ஒரே சிட்டிங்ல பர்ன் பண்ணிடலாம்." டாக்டர் எப்போது பார்ப்பார் என்று கேட்டேன். "ப்ரொசீஜர் டைம்ல வருவாங்க மேடம்" என்றாள். அந்தப் பெண்மீது எனக்குக் கோபம் இல்லை. என் பழைய மாணவிகளில் ஒருத்தி வயதுதான், மாதக் கடைசியில் அவளுக்கும் ஓர் இலக்கு இருக்கும். ஆனால் ஒரு மச்சத்தை இன்னதென்று யாரும் பார்க்காமலே விலை பேசி முடித்தது என்னை உலுக்கிவிட்டது. எழுந்து வந்துவிட்டோம்.

ஏன் என்று தங்கை மகள் கேட்டாள். ஆட்டோவில் வரும்போதே சொன்னேன். லேசரோ மின்சாரமோ திசுவைச் சுட்டு ஆவியாக்கிவிடும். எடுத்த பிறகு கையில் ஒன்றும் மிஞ்சாது. மச்சம் சாதுவானதுதானா என்ற சந்தேகம் பின்னால் வந்தால் லேபுக்கு அனுப்பத் துணுக்குக்கூட இருக்காது. பாலுண்ணியைச் சுடுவது வேறு, மச்சத்தைச் சுடுவது வேறு. மச்சத்தின் ஒரு பாதி மறு பாதியைப் போல் இல்லாவிட்டால், ஓரம் பிசிறடித்திருந்தால், பல நிறம் கலந்திருந்தால், ஆறு மில்லிமீட்டரைத் தாண்டி வளர்ந்தால், எல்லாவற்றுக்கும் மேலாகக் கொஞ்ச நாளில் மாறிக்கொண்டே வந்தால், அதை வெட்டியெடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாக வேண்டும். நம்மைப் போன்ற கறுத்த தோல்காரர்களுக்கு மெலனோமா அபூர்வம். வந்தாலும் பெரும்பாலும் முகத்தில் வராது. உள்ளங்காலில், உள்ளங்கையில், நகத்தடியில் வரும். பாடகர் பாப் மார்லிக்குக் கால் கட்டைவிரல் நகத்தடியில்தான் வந்தது. 1977இல் கண்டுபிடித்தார்கள், 1981இல் 36 வயதில் இறந்துபோனார். கன்னத்துப் புள்ளிக்குப் பேக்கேஜ் வாங்குகிற நாம் உள்ளங்காலைத் திருப்பிப் பார்ப்பதே இல்லை.

இரண்டாவதாகப் போனது ஒரு தோல் மருத்துவரிடம். சின்ன அறை, மர பெஞ்சு, காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த டாக்டரம்மா முதலில் ஒளிவிளக்கு வைத்த ஒரு கைக்கண்ணாடியைக் கன்னத்து மச்சத்தில் ஒட்டினாற்போல வைத்துப் பார்த்தார். டெர்மாஸ்கோப், பத்து மடங்கு பெரிதாகக் காட்டும். "இது எப்பவும் இதே சைஸ்தானா?" என்று என் தங்கையைக் கேட்டார். சின்ன வயசு போட்டோ ஏதாவது இருக்கிறதா என்றார். தங்கை போனில் தேடி, பள்ளி ஆண்டு விழாவில் மகள் ஆண்டாள் வேஷம் போட்ட படத்தைக் காட்டினாள். மச்சம் அதே இடத்தில், அதே உருவில் இருந்தது. டாக்டரம்மாவுக்கு அது போதுமானதாக இருந்தது.

பிறகு முடியைத் தூக்கிக் கழுத்தின் பின்பக்கத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே கேட்டார்: "பீரியட்ஸ் ஒழுங்கா வருதாம்மா? வீட்டுல யாருக்காவது சுகர் இருக்கா?" எனக்கு உடம்பு சிலிர்த்தது. அப்பாயியைச் சொன்னேன், அவள் கழுத்தைச் சொன்னேன், பீர்க்கங்கூட்டைச் சொன்னேன். டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். "இன்னமும் அப்படித்தாம்மா. தினம் ஒருத்தர் வராங்க, கழுத்துல அழுக்கு போகவே மாட்டேங்குதுன்னு" என்றார். எச்.பி.ஏ.1சி. என்ற ரத்தச் சர்க்கரைப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். ரிசல்ட் 6.1. 5.7க்கு மேல், 6.5க்குக் கீழ் என்றால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை என்று கணக்கு.

சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து செய்த ஆய்வு 2023இல் வெளிவந்தது. இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய், 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் வாசற்படியில் நிற்கிறார்கள் என்று அது மதிப்பிட்டது. பாலுண்ணி இருக்கிற எல்லாருக்கும் சர்க்கரை வரும் என்று அர்த்தம் இல்லை. பெரியவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஒன்றிரண்டாவது இருக்கும். வயதானால் வரும், உடம்பு பருத்தால் வரும், கர்ப்ப காலத்தில் வரும். ஆனால் கழுத்தும் கறுத்து, பாலுண்ணியும் கூட்டமாக வந்தால் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிட வேண்டும். அழகு நிலையங்களுக்கு வருகிற அத்தனை கழுத்துகளில் எத்தனை கழுத்து இப்படி வழித்துச் சுத்தமாக்கப்பட்டு, சேதி படிக்கப்படாமல் வீட்டுக்குப் போகிறதோ என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை. அன்று எங்களுக்குத் தெரியவில்லை, அதனால் பார்க்கவில்லை. இன்று தெரிந்துகொள்ள எல்லா வழியும் இருக்கிறது, பார்க்க நேரம் இல்லை என்கிறார்கள்.

எடுக்கிற நாளில் நான் அறைக்குள் இருந்தேன். மரத்துப்போக வைக்கிற வெள்ளைக் களிம்பைக் கழுத்து முழுக்கத் தடவி, மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்கள். பெரிய பாலுண்ணிகளை இடுக்கியால் காம்பைத் தூக்கிப் பிடித்துச் சின்னக் கத்தரியால் ஒரே வெட்டு. பருத்திப் பஞ்சில் ஒரு பொட்டு ரத்தம். சின்னவற்றை ரேடியோ அலைக் கருவியின் ஊசிமுனையால் தொட்டார். முனை தோலில் பட்டதும் ஒரு சின்னச் சீறல், முடி கருகுகிற வாசனை, பாலுண்ணி சுருங்கிச் சாம்பல் நிறமாகிறது. ஈரப் பஞ்சால் துடைத்தால் அந்த இடம் தட்டை. "வலிக்குதா?" "இல்லை டாக்டர், சுள்ளுங்குது, அவ்வளவுதான்." கூடத்துத் தூணில் சாய்ந்து முந்தானையைக் கடித்த அத்தையை நினைத்துக்கொண்டேன். இந்தக் கருவி அன்றைக்கு அவளுக்குக் கிடைத்திருக்கக் கூடாதா!

அதன் வம்சம் அப்போதே உலகத்தில் இருந்தது என்பதுதான் மனதை அறுக்கிறது. மின்சாரத்தால் திசுவை வெட்டி ரத்தத்தை நிறுத்துகிற கருவியை வில்லியம் போவி என்பவர் செய்து கொடுக்க, ஹார்வி குஷிங் என்ற மூளை அறுவை நிபுணர் 1926இல் பாஸ்டனில் அதைப் பயன்படுத்தினார். கார்பன் டை ஆக்சைடு லேசரை 1964இல் பெல் ஆய்வகத்தில் உருவாக்கிய குமார் பட்டேல், மகாராஷ்டிரத்துப் பாராமதியில் பிறந்தவர். தோலில் இருக்கிற தண்ணீர் அந்த ஒளியை உறிஞ்சிச் சட்டென்று ஆவியாகிறது. அதனால்தான் அது மேல்தோலை அவ்வளவு நுணுக்கமாகச் சீவுகிறது. நம் நாட்டில் பிறந்த ஒருவர் கண்டுபிடித்தது நம் ஊர்க் கூடத்துக்கு வந்து சேர இத்தனை காலம் ஆயிற்று. வந்து சேர்ந்த பிறகும் காசுள்ளவர்களுக்கு ஏ.சி. அறையில் கிடைக்கிறது, மற்றவர்களுக்கு இன்றும் சுண்ணாம்புதான், அல்லது இணையத்தில் வாங்குகிற ஏதோ ஒரு திராவகம். வீட்டிலேயே தடவி மச்சத்தையும் பாலுண்ணியையும் எடுக்கிற எந்த மருந்துக்கும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அனுமதி கொடுத்ததில்லை. 2022இல் அவற்றை விற்றவர்களுக்கு எச்சரிக்கைக் கடிதமும் அனுப்பியது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு இருக்கிறது, அங்கே காட்டலாம் என்று நான் போகிற இடமெல்லாம் சொல்கிறேன். பாதிப் பேருக்கு அது தெரியவே இல்லை.

எங்கள் நிறத்துத் தோலைப் பற்றி டாக்டரம்மா சொன்ன ஒன்றையும் எழுத வேண்டும். என் தங்கையின் கன்னத்திலும் கண்ணோரத்திலும் மிளகைத் தூவியதுபோல் கறுப்பு முத்துகள் இருக்கின்றன. எங்கள் அம்மாவுக்கும் இருந்தன. கறுத்த தோலில், அதுவும் பெண்களுக்கு, குடும்ப வழியாக வருவது. 1925இல் அல்டோ காஸ்டெல்லானி என்ற இத்தாலிய மருத்துவர் இதற்கு ஒரு நீண்ட லத்தீன் பெயர் வைத்தார். ஒரு கெடுதலும் இல்லாதது. "எனக்கும் எடுத்துடலாமா டாக்டர்?" என்று தங்கை ஆசைப்பட்டுக் கேட்டாள். "எடுக்கலாம். ஆனா மேலாக்க, ரொம்ப லேசா, கொஞ்சம் கொஞ்சமாத்தான் எடுப்பேன்" என்றார். ஆழமாகச் சுட்டால் முத்து இருந்த இடமெல்லாம் கறுந்தழும்பு விழும். திரவ நைட்ரஜனை மைனஸ் 196 டிகிரியில் தெளித்து உறைய வைக்கிற முறையும் உண்டு. ஆனால் தோலுக்கு நிறம் தருகிற அணுக்கள் மற்ற அணுக்களைவிடக் குளிர் தாங்காதவை, முதலில் சாகிறவை அவைதான். வெள்ளைக்காரத் தோலில் தெரியாத அந்த வெளிர்ப் புள்ளி நம் முகத்தில் பளிச்சென்று தெரியும். அப்புறம் பார்க்கிறவர்கள் வெண்புள்ளியோ என்று கேட்பார்கள். பேக்கேஜ் காட்டிய கவுன்சிலர் இதில் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

கன்னத்து மச்சத்துக்குத் தங்கை மகள் கொஞ்ச நாள் யோசித்தாள். டாக்டரம்மா இரண்டு வழியையும் எடுத்துச் சொன்னார். விட்டுவிட்டால் ஒன்றும் ஆகாது. எடுப்பதானால் கத்தியால்தான் எடுப்பேன், லேபுக்கு அனுப்புவேன், மெல்லிய கோடாக ஒரு தழும்பு நிற்கும், மேடு தட்டுகிற வாகு குடும்பத்தில் உண்டா என்றார். அத்தையின் கன்னத்தைப் பற்றி நான் சொன்னேன். அதற்குப் பிறகு அவள் மச்சத்தைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. கழுத்தில் மட்டும் பொருக்கு ஒரு வாரத்தில் உதிர்ந்தது. பிய்க்கக் கூடாது, வெயிலில் சன்ஸ்க்ரீன் இல்லாமல் போகக் கூடாது என்ற இரண்டையும் ஒழுங்காகச் செய்தாள். இப்போது கழுத்து சுத்தமாக இருக்கிறது. அவளுக்குச் சந்தோஷம், அவள் சந்தோஷம் எனக்கும் சந்தோஷம்.

அந்த அறையில் டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னார். "அம்மா, நீங்களும் ஒரு தடவை சுகர் பார்த்துக்கங்க" என்றார் என் தங்கையிடம். முடியைத் தூக்கிப் பார்க்கச் சொல்லாமலே தங்கை கழுத்தைத் தொட்டுக்கொண்டாள். வெளியே வந்ததும், "அக்கா, அப்பாயிக்கு இருந்ததே, அதேதானா இது?" என்றாள். அதேதான் என்றேன். மறுநாள் காலை வெறும் வயிற்றில் லேபுக்குப் போனோம். மகளுக்கு வாசற்படி, அம்மாவோ வாசலைத் தாண்டி உள்ளே போய்விட்டிருந்தாள். எத்தனை வருஷமாகவோ. மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள். கண் பரிசோதனை முடிந்தது, பாதத்தில் ஒரு நரம்புச் சோதனை செய்து பார்த்தார்கள், தப்பித்தோம். அன்றைக்கே இருவருடைய உள்ளங்கால்களையும் நான் மடியில் வைத்து விரலிடுக்கு விடாமல் பார்த்தேன். மகள் கூசிச் சிரித்தாள், தங்கை ஒன்றும் பேசவில்லை.

இருவரும் இப்போது காலையில் ஒன்றாக நடக்கிறார்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி எச்.பி.ஏ.1சி. பார்க்க வேண்டும். அது கல்யாணத்துக்கு அடுத்த வாரத்தில் வருகிறது. மறுவீட்டு அழைப்பும் விருந்தும் இருக்கிற வாரம், தள்ளி வைத்துக்கொள்ளலாமே என்று வீட்டில் சொன்னார்கள். முடியாது என்று சொல்லி, லேபில் தேதி வாங்கிவிட்டேன்.